பத்துக்கு மேல் எடுத்தால் ஊசி

பாஸ்கல் எடுத்த மதிப்பெண் நான்கு. பத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குத்தான் புது ஊசி. அம்பத்தூரில் ஒரு தோல் மருத்துவமனை நடத்தும் ஆய்வுக்கு அதுதான் விதி. எட்டு வருஷமாக முதுகிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் இந்த ஊசியோடு ஒழியும் என்று நம்பித்தான் கள்ளிக்குப்பத்திலிருந்து மனைவி ஆக்னஸோடு வந்திருந்தார்.

"நல்லா யோசிச்சு எழுதுங்க சார். போன வாரம் இந்தத் தோலால எவ்ளோ கஷ்டப்பட்டீங்கன்னுதான் கேட்டுக்கீது," என்று நர்ஸ் ஸ்டெஃபி படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை போடலாம். வீட்டில் கூட இருப்பவர்கள் படும் கஷ்டத்துக்கும் அதே மாதிரி ஒரு தாள் உண்டாம். அதை ஆக்னஸிடம் நீட்டிவிட்டுப் போனாள்.

பாஸ்கல் பேனாவைத் திறந்தார். தலைக்கு மேல் மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. தூரத்தில் மின்சார ரயில் ஒன்று போயிற்று. அவரும் அதில் ஏறித் திருநின்றவூர் ஏரிக்கரையில் இறங்கிவிட்டார். எப்போதுமே அப்படித்தான். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

"ஏங்க," என்று ஆக்னஸ் முழங்கையால் இடித்தாள். திரும்பி வந்தார்.

உடை தேர்ந்தெடுப்பதில் சிரமமா? ஒன்று போட்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், குளித்துவிட்டு வரும்போது கட்டிலில் ஒரு வெள்ளைச் சட்டை தயாராகக் கிடக்கிறது. இதில் என்ன சிரமம்? மனசாட்சி உறுத்த, அதை அடித்துப் பூஜ்யம் போட்டார்.

அரிப்பு? கை முதுகுக்குப் போவதற்குள் அங்கே தேங்காய் எண்ணெய் வந்துவிடுகிறதே. அதற்கும் பூஜ்யம்.

வீட்டு வேலை? படுக்கையில் உதிர்ந்த செதிலெல்லாம் அவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மாயமாகிவிடும். விருந்தாளிகள் முன்னால் கூச்சம்? யாரும்தான் வருவதில்லையே. ஏன் வருவதில்லை என்று யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் ஏரியில் ஒரு கொக்கு வந்து இறங்கியது.

கூட்டிப் பார்த்தார். இருந்த நான்கும் போயிருந்தது. நிஜமாகவே அழுகை வந்தது.

"ஊசி கெடைக்காது போலக்கீது ஆக்னஸ். நான் ரொம்ப நல்லா வாழ்ந்துகினு கீறேன்."

ஆக்னஸ் தாளைத் திருப்பினாள். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெஃபி வந்து இரண்டு தாள்களையும் வாங்கினாள். கூட்டினாள். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"டாக்டர், சாருக்குப் பூஜ்யம். கூட வந்த அம்மாவுக்கு இருபத்தாறு. ஊசிய யாருக்குப் போடறது?"