உச்சிப் புத்தகத்தின் கடைசி வரி

அன்பும் மரியாதையும் நிறைந்த வால்புர்கா அக்காவுக்கு, தம்பி எங்கெல்பெர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் ஒருவிதமாகச் சுகம். அங்கே லிண்ட்ஸில் நீயும் அத்தானும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ எனக்காகப் பார்த்து வைத்திருக்கிறாயே, பல் டாக்டரின் விதவை, அந்த அம்மாளுக்குச் சம்மதம் சொல்லிவிடு. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

ஓய்வு பெற்றதிலிருந்து செவ்வாய்தோறும் நான் நெபெல்ஸ்பிட்ஸ் மலைக்கு ஏறுவது உனக்குத் தெரியும். அதே மலையை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்லோவேனியர்கள் மெக்லா என்பார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது பாதி நாள் மூட்டத்துக்குள்தான் கிடக்கும். உச்சியில் சிலுவைக்கு அடியில் இருக்கிற தகரப்பெட்டிப் புத்தகத்தில் ஏறி வந்தவர்களெல்லாம் பெயரும் தேதியும் எழுதுவார்கள் இல்லையா, போன வருடம் ஜூன் மாதம் என் பெயருக்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: "செவ்வாய்க்கிழமைக்காரரே, சுங்கச்சாவடியில முத்திரை குத்துற மாதிரி எழுதுறீங்களே, மலைக்கு வந்துமா இந்த விறைப்பு? இப்படிக்கு, வெள்ளிக்கிழமை தாரிங்கா." எனக்குக் கோபம் வந்தது. நான் முப்பது வருடம் கணவாயில் சுங்க அதிகாரியாக நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் பதில் எழுதினேன். அவள் எழுதினாள். நான் எழுதினேன். இரண்டு கோடைகாலம் இப்படியே ஓடிவிட்டது அக்கா. பெட்டிக்குள் அவள் உலர்ந்த பிளம்ஸ் வைப்பாள், நான் பன்றிக்கறி வற்றல் வைப்பேன், பாதியை எலி தின்னும். எழுதி முடித்து, அவள் ஊர் இருக்கிற ஸ்லோவேனியப் பக்கத்துச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மேகம் அங்கிருந்து ஏறி வந்து என் பூட்ஸைத் தொட்டு, இந்தப் பக்கம் இறங்கிப் போகும். கீழே எங்கோ மாட்டு மணி, அவர்கள் கோயில் மணி. அந்தக் கூரைகளில் எது அவளுடையது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போய், வெயில் சாய்ந்தபின் விழித்து ஓடி வந்த நாட்களும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்திருக்கலாமே என்பாய். பயம்தான். நேரில் பார்த்தால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று பயம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கிருந்தோ தைரியம் வந்து, "மீதி நாட்களை என்னோடு கழிக்கச் சம்மதமா?" என்று எழுதிவிட்டேன். மடையன், அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக் கடைசி வரி என்பதைக் கவனிக்கவில்லை. நிரம்பிய புத்தகத்தை நம் மலையேறிகள் சங்கம் கீழே கொண்டுவந்துவிடும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சங்கத்து ஹார்ட்விக் மறுநாள் புதனே ஏறிப் புதுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கி வந்துவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து ஊரே விடுதியில் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் ஏறி நின்று, "இதக் கேளுங்கப்பா!" என்று ஆரம்பித்தான் பாவி. இரண்டு வருடமாக நாங்கள் எழுதியதையெல்லாம் வாசித்தான் அக்கா, எலி உட்பட. விடுதிக்கார கெர்லிண்டே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன்யா எங்கெல்பெர்ட், முப்பது வருசமா எல்லாரு பாஸ்போர்ட்லயும் மூஞ்சி பாத்தியே, ஒருத்தி மூஞ்சிய நேர்ல பாக்கத் தைரியம் வரலியா? போய்யா, வெள்ளிக்கிழமை போய்க் கேளு!" என்றாள்.

வெட்கத்தில் அந்தச் செவ்வாய் ஏறவில்லை. ஆனால் நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, சவரம் செய்து, நல்ல தொப்பி போட்டுக்கொண்டு போனேன். உச்சியில் கையை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், "நீங்க செவ்வாய்க்கிழமைக்காரரா?"

அக்கா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லீங்க, சிலுவையில ஆணி கழண்டிருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"அப்போ நல்லா பாருங்க" என்றாள். காலடிச் சத்தம் அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. முகம்கூடத் தெரியவில்லை. மூட்டம் கலையும்வரை ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு விட்டுப்போச்சு. இனி மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன். லிண்ட்ஸுக்கே வந்துவிடுகிறேன், அங்கே எல்லாம் தட்டைத் தரை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாருக்கும் மாதா துணையிருக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
எங்கெல்பெர்ட்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடலாமென்று இன்று புறப்பட்டேன். இன்று செவ்வாயாம், கால் என்னைக் கேட்காமலே மேலே ஏறிவிட்டது. புதுப் புத்தகத்தில் வெள்ளிக்கிழமை தேதியிட்டு இருக்கிறது: "ஆணி பார்க்க வந்தவருக்கு. உங்க விடுதியில வாசிச்சது மறுநாளே எங்க ரொட்டிக்கடைக்கு வந்துடுச்சு. பதில் சொல்லத்தான் ஏறி வந்தேன், நீங்க நீங்களே இல்லைன்னுட்டீங்க. பாதி வழி இறங்கி, நீங்க போனப்புறம் திரும்ப ஏறி வந்து இதை எழுதுறேன். சம்மதம். ஆனா இனிமே நான் ஏறமாட்டேன், நீங்க இந்தப் பக்கமா இறங்கி வாங்க. பச்சை ஜன்னல் வீடு." தபால்பெட்டி அவள் பக்கத்து அடிவாரத்திலும் இருக்கிறது அக்கா, இதை அங்கேதான் போடுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பல் டாக்டர் அம்மாளிடம் தம்பி எல்லை தாண்டிவிட்டான் என்று சொல்லிவிடு.