ஒரு டம்ளர் காபியும் ஏழாம் விதியும்

"காபி சாப்பிடுறீங்களா?"

"வேண்டாங்க. விதி இடம் கொடுக்காது."

"தண்ணியாவது?"

"அதுக்கும் அதே விதிதாங்க."

முதல் நாள் தையலக முதலாளியான அவளோடு நடந்த இந்தப் பேச்சை, அங்கே போகும் வழியெல்லாம் அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் கடைசி பதிலை மட்டும் மாற்றிக்கொள்வான். 'தண்ணி வேண்டாம், காபியே குடுங்க.' அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அவன் ஒரு சர்வதேச அமைப்பின் கொள்முதல் அதிகாரி. பென்சில் வாங்கினால்கூட, மரம் எந்தக் காட்டில் வெட்டியது, வெட்டியவருக்கு நியாயமான கூலி போனதா என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கும் அமைப்பு அது. விசாரிப்பது இவன் வேலை. அலுவலகத்தில் இவனுக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'. விற்க வருகிறவர்கள் கையால் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது ஏழாம் விதி.

மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குத் துணிப்பைகள் தேவைப்பட்டன. போட்டியில் அவளுடைய தையலகமும் இருந்தது. ஆர்டர் கிடைத்தால் மூன்று வருட ஒப்பந்தம். மூன்று வருடம் காபி கிடையாது. காபியே குடிக்க முடியாதவன் கல்யாணப் பேச்சை எங்கிருந்து எடுப்பது?

ஆர்டர் கிடைக்காவிட்டால் பிரச்சினையே இல்லை. பொய்க்குறை எழுத அவனுக்கு மனசு வராது. உண்மையான குறை அகப்பட்டால் எழுதலாமே? தேடினான். அகப்பட்டது. அவசர வழிக் கதவை மறித்துக்கொண்டு துணி மூட்டைகள்.

"இது பெரிய தப்புங்க" என்றான், சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு.

"அடடா, ஆமா. திரும்ப எப்ப வந்து பார்ப்பீங்க?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரம் வழி பளிச்சென்று இருந்தது. கதவுக்கு மேலே புதிதாக ஒரு பச்சை விளக்கு வேறு. மதிப்பெண் ஏறிவிட்டது. நொந்துபோய்ச் சுற்றிப் பார்த்தான். தீயணைப்புக் கருவி மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. போன வாரம் அங்கே சிவப்பாக ஏதோ தொங்கிய ஞாபகம். எதுவானால் என்ன, குறை குறைதான்.

அதற்கடுத்த வாரம் இரண்டு கருவிகள் தொங்கின. மதிப்பெண் இன்னும் ஏறியது. இந்தத் தடவை பருத்தித் துணிகளுக்கு நடுவே ஒரு டப்பா பிளாஸ்டிக் பொத்தான். பிளாஸ்டிக்குக்கும் விதியில் இடமில்லை.

"நீங்க சொல்லச் சொல்ல எங்களுக்கு நல்லதுதான் நடக்குது" என்றாள் அவள். அவள் டம்ளரில் காபி ஆவி பறந்தது. "மணம் பிடிக்கிறதுக்கு விதி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க" என்று சொல்லி, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டான்.

மரப் பொத்தான் வந்ததும் தையலகம் போட்டியில் முதலிடம் பிடித்தது. மேலாளர் அம்மா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"விரட்டி விரட்டியே அவங்களை எங்கேயோ கொண்டு போயிட்டப்பா. ஆர்டர் அவங்களுக்குத்தான். மூணு வருஷமும் நீயே மேற்பார்வை பாத்துக்கோ."

"மேடம், இதுலேர்ந்து என்னை எடுத்துடுங்க. எனக்கு இதுல சொந்த ஆசை ஒண்ணு இருக்கு."

"பணமா?"

"காபி, மேடம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கிக் குடிச்சியா?"

"இல்ல மேடம். குடிக்கணும். அவங்க கையால, ஆயுசு முழுக்க."

மேலாளர் கண்ணாடியை மெல்லத் துடைத்தார். "வேற ஆளை அனுப்பி மொதல்லேர்ந்து மார்க் போடச் சொல்றேன். நீ ஸ்டோர்ல உக்காந்து துடைப்பம் வாங்கணும். சம்மதமா?"

"நல்ல துடைப்பமா வாங்குறேன் மேடம்."

புதிதாகப் போன அதிகாரி தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு குறைகூட அகப்படவில்லை. ஆர்டர் அவளுக்கே உறுதியானது.

மறுநாள் அவன் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போனான். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. துணி வெட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நேத்து வேற யாரோ வந்தாங்களே" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவள். முகம் வாடியிருந்தது. "உங்களை மாத்திட்டாங்களா?"

"நான்தான் மாத்தச் சொன்னேன்."

"ஏன்? நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

இத்தனை வாரமாக ஆபீஸ் வண்டியிலேயே உருண்டுகொண்டிருந்த வார்த்தைகள், ஒருவழியாக வெளியே வந்தன.

"ஒரு காபி கிடைக்குமாங்க? இன்னிக்கு மட்டும் இல்ல. தினமும்."

அவள் சிரித்துக்கொண்டே டம்ளரைத் தேடிப் போனாள். துணி வெட்டும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா, கேட்டுட்டாரு. ஏம்மா முதலாளி, இனிமே இவரை வரவைக்கிறதுக்காக அந்த மூட்டையெல்லாம் நான் வழியில தூக்கி வைக்க வேண்டாமில்ல?"