தண்ணீர் டேங்க் மேடும் உங்கள் மீசையும்

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், சைக்கிள் மிகமிக நலம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மீசையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மீசையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

இதுவரை என் கடிதங்களை உங்கள் தங்கைதான் எழுதினாள். நான் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நாற்பது வருஷம் கேட் வெல்டிங் செய்தவன், எத்தனையோ வீட்டுப் பெயர்களை இரும்பில் வெட்டி ஒட்டியவன். எல்லாம் வடிவத்தைப் பார்த்து ஒட்டியதுதான், ஒன்றையும் படித்ததில்லை. போன மாதம் உங்கள் வீட்டு போட்டோவை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேட்டில் ‘அன்பு இல்லம்’ என்று இருக்க வேண்டும். ‘அன்பு இல்லாம்’ என்று இருக்கிறது! நடுவில் ஒரு கால் கூடுதலாக ஒட்டியிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்களே மச்சான்!

சைக்கிளுக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி வந்ததும் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? “போதும்மா, தையல் கம்பெனி வேலைய விட்டுட்டு இங்க வந்துடு. கம்பெனிக்குப் போற அந்த டேங்க் மேட்ட இனிமே உன்னால ஏற முடியாது” என்றீர்கள். அவளும், முதல் தேதி வரை பார்க்கிறேன், முடியாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். அவள் அங்கே வந்துவிட்டால் நான் இங்கே யாரோடு சண்டை போடுவது? போனைப் பிடுங்கி, “மச்சான், நான் ஒரு சைக்கிள் செய்யறேன். பட்டனை அமுக்கினா கியர் தானா மாறும், முட்டிக்கு நோவே தெரியாது” என்றேன். நீங்கள் சிரித்தது பக்கத்து வீட்டுக்கே கேட்டது. “நேத்துதான் அ, ஆ எழுதினீங்க, இன்னைக்கு எலக்ட்ரானிக் கியரா? அவ எறங்காம அந்த மேட்ட ஏறிட்டா என் மீசைய எடுத்துடறேன் மாப்பிள்ளை!”

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். கேட்டுக்கு வாங்கி மிச்சமான குழாயில்தான் உடம்பு, காலைத் தூக்காமல் ஏறுவதற்கு நடுக்குழாயைத் தாழ்த்தி வளைத்தேன், பின்சக்கரத்தில் ஆறு பல்சக்கரம், செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள ஒரு இரும்புக் கை, அந்தக் கையை ஆட்ட பொம்மை விமானத்தின் வாலை ஆட்டுகிற தீப்பெட்டி அளவு மோட்டார். ஒயர் வேலைக்கு எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்தார். அவரைத் தெருவில் எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் கை வைத்த வீட்டில் முதலில் போவது அதுதான். மோட்டாரோடு வந்த பதினோரு பக்கப் புத்தகத்தை நானே மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். ‘மின்கலத்தைப் பொருத்தவும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருந்தது. மின்கலம் யார் என்று வகுப்பு டீச்சரைக் கேட்டேன். பேட்டரியாம். அப்படியே எழுதியிருந்தால் என்ன குறைந்தா போய்விடும்? அதற்கு சீட்டுக்கு அடியில் தோலில் ஒரு பையே தைத்துக் கொடுத்தாள் உங்கள் தங்கை.

ஹேண்டிலில் இரண்டு பட்டன். அவற்றின் மேல் தகட்டில் அறுத்து இரண்டு எழுத்து ஒட்டினேன்: ஏற்றத்துக்கு ஏ, இறக்கத்துக்கு இ. நான் படித்து ஒட்டிய முதல் எழுத்துகள் மச்சான்! முதல் ஓட்டத்தை நானே ஓட்டினேன். பாதி மேட்டில் மூச்சு வாங்கியது, ஏ-யை அமுக்கினேன், பெடல் கனத்தது, அமுக்கியது போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினேன், பெடல் பாறையாகிவிட்டது, நானும் சைக்கிளும் பின்னாலேயே உருண்டு வந்து லாண்டரிக்காரர் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்துவிட்டோம். ஃபியூஸ் ஓடி வந்தார். “ஏ-ன்னா ஏத்தறதுதானே? அதான் கியர் ஏத்தற மாதிரி ஒயர் குடுத்தேன்!” “யோவ், ஏ-ன்னா ஏத்தம்யா! மேடு வந்தா அமுக்கறது!” “கியர ஏத்தினா மிதி கனமாத்தானே ஆகும்?” லாண்டரிக்காரர் நடுவில் வந்து, “ஏத்தறத அப்புறம் ஏத்துங்க, மொதல்ல என் விரிப்ப விட்டு எறங்குங்க!” என்றார். எழுத்தை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. ஃபியூஸ்தான் ஒயரை மாற்றிக் கொடுத்தார். நேற்று சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏ-யை அமுக்கி அமுக்கி, இருப்பதிலேயே லேசான கியர் வரை கொண்டுவந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி மாறியது.

நாளை முதல் தேதி. உங்கள் தங்கை பெட்டியில் பாதித் துணியை அடுக்கியும் விட்டாள். இன்று காலை, “பின்னால ஓடி வராதீங்க, எனக்குச் சிரிப்பு வரும்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடினேன். சமதரையிலேயே அவள் கால் தையல் மெஷின் மாதிரி படபடவென்று சுற்றியது, சைக்கிள் மட்டும் ஆமையாகப் போனது. சந்தோஷத்தில் மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேடு வந்தது. “அமுக்கு! ஏ-ய அமுக்கு!” “அமுக்கிட்டேதான் இருக்கேன், கத்தாதீங்க!” டிக், டிக் என்று எனக்கே கேட்டது. லாண்டரிக்காரர் விரிப்புகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றவில்லை மச்சான். உச்சியில் கம்பெனி வாசலில் நின்று மூன்று தரம் மணி அடித்தாள், உள்ளேயிருந்து தையல்காரிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். “முட்டி வலிக்குதா?” என்று இரைக்க இரைக்கக் கேட்டேன். “எனக்கு இல்ல. நீங்க உக்காருங்க மொதல்ல” என்றாள்.

ஆகவே மச்சான், எலக்ட்ரானிக் கியர் ஜெயித்தது. கத்தரி அக்காவிடமே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மீசைக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
கையெழுத்தைத் தானே போடும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி அலமாரியைத் திறந்தேன். மின்கலம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நேற்று சோதித்த பிறகு சார்ஜ் போடக் கழற்றியவன், திரும்ப மாட்டவே இல்லை. டிக் டிக் என்றது வெறும் பட்டன். முழுத் தூரமும் அந்த லேசான கியரிலேயே மிதித்திருக்கிறாள். சொன்னேன். “அப்ப நானேதான் ஏறினேனா?” என்று கேட்டவள், சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியிலிருந்த துணியை எல்லாம் எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்குகிறாள். மேட்டை ஏறியது என் மோட்டார் இல்லை, உங்கள் தங்கையின் கால். அதனால் மீசை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வருகிறேன், உங்கள் கேட்டில் இருக்கும் அந்தக் காலை மட்டும் எடுத்துவிடுகிறேன்.