மணியக்கா நம்பாத கதைகள்

தேவதைக் கதை என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை தெரியாமல் மனித குலம் ஆதி நாளிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவிப்பைத் தீர்த்துவைத்த பெருமை ஒரு சிறுவர் பதிப்பகத்தின் இரண்டாம் மாடியையும், அங்கிருந்த ஒரு பித்தளை மேசை மணியையுமே சாரும்.

ஏற்பாடு எளிமையானது. மேதைகளின் ஏற்பாடுகள் எல்லாமே அப்படித்தான். 'கதைத் தகுதி நிர்ணயக் குழு' வட்டமாக உட்காரும். ஒருவர் கதையை வாசிப்பார். பிழை திருத்தும் பெண் மணியின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். 'இது நடக்கவே நடக்காது' என்று தோன்றிய கணமே தட்ட வேண்டும். தட்டினால் தேவதைக் கதை. தட்டாவிட்டால் பொது அறிவு. யோசித்துத் தட்டக் கூடாது என்பது விதி. யோசித்தால் இலக்கியம் கெட்டுவிடுமாம்.

இதனால் அவளுக்கு மணியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேலைதான் நிலைக்கவில்லை. பல வருடமாகத் 'தற்காலிகம்'. கணவர் வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த மணியால்தான்.

ஆரம்பத்தில் ஓயாமல் தட்டினாள். பேசும் கண்ணாடியா? டிங்! பறக்கும் கம்பளமா? டிங்! பிறகு காலம் மாறியது.

"கண்ணாடி பேசுதுக்கா. ஏன் தட்டல?" என்றார் படம் போடும் ஓவியர்.

"என் ஃபோன் பேசுதே, தம்பி. நேத்து நான் ரொம்ப நடக்கலைன்னு திட்டக்கூடச் செஞ்சுது."

"சரி, வருஷக்கணக்கா தூங்குற இளவரசி?"

"நம்ம கணக்குப் பிரிவுக்குள்ள ஒருதடவை போய்ப் பாரு."

இப்படியாகப் பழைய கதைகள் ஒவ்வொன்றாகப் 'பொது அறிவு' அலமாரிக்குக் குடிபோயின. குழு கலங்கவில்லை. நவீன தேவதைக் கதைகளை எழுதவைத்தது. சொன்ன நேரத்துக்குக் குழாய் ரிப்பேர்காரர் வந்து நின்ற கதைக்கு இரண்டாம் வரியிலேயே மணி ஒலித்தது. வீட்டுக்காரர் தானாகவே கூப்பிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த கதைக்கு அவள் தட்டிய வேகத்தில் டீ கிளாஸ் கவிழ்ந்தது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. குழந்தைகளைவிடப் பெற்றோர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்கள்.

வெற்றிக் கூட்டம் நடந்தது. மணியைப் பளபளவென்று துடைத்து முன்வரிசையில் வைத்து, மணியக்காவையும் அதன் பின்னால் 'கௌரவமாக' உட்காரவைத்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு உங்கள பர்மனென்ட் பண்றாங்களாம். எதையாவது பேசிக் கெடுத்துக்காதீங்க," என்று ஓவியர் காதோரம் சொன்னார்.

"வாயே திறக்க மாட்டேன், தம்பி." மனமாரத்தான் சொன்னாள். இந்த ஒருநாள் ஒழுங்காகக் கழிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

நிர்வாகி எழுந்தார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்."

மணியக்காவின் வலது கை துடித்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் குடும்பத்துல மனசுல பட்டதை யார் வேணும்னாலும் என்கிட்ட தைரியமாச் சொல்லலாம். அதுக்காக ஒருத்தரைக்கூட நான் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன்."

டிங்!

நிர்வாகியின் முகம் சிவந்தது.

"ஏம்மா, என் பேச்சை நம்பலையா நீ?"

"ஐயையோ, சார்! நான் ஒண்ணுமே சொல்லல. கைதான்... பழக்கதோஷம்..."

"அப்போ அந்தக் கையையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. நாளையிலேர்ந்து வர வேணாம்!"

மணியக்கா அழுதுகொண்டே படியிறங்கினாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, விதி விதிதான். மணி ஒலித்துவிட்டதால் நிர்வாகியின் உரையைக் குழு தேவதைக் கதையாக ஏற்றுக்கொண்டது. பழைய கதைகளுக்கெல்லாம் இல்லாத ஒரு பாக்கியமும் அதற்கு வாய்த்தது: அது நடக்கவே நடக்காது என்பதை, சொன்னவரே அந்த இடத்திலேயே நிரூபித்தும் கொடுத்தார்.