காட்டண்ணனின் கறுப்புப் பூச்சு

பினாங்குத் தீவில் காட்டண்ணனைப் போல் காட்டைக் காதலித்தவர் எவரும் இல்லை. அவரைப் போல் காட்டுப் பக்கமே போகாதவரும் எவரும் இல்லை.

எண்பதுகளில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நான் அவருக்குப் பக்கத்து வீடு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தூசி நுழையாத அறையில், தலைக்கு உறை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார். நாள் முழுக்கத் தூசியைக் காணாத மனிதருக்குச் சேற்றின் மேல் ஆசை வருவது இயற்கைதான். பழைய ஜீப் ஒன்றை வாங்கிவந்து கீழே அங்சானா மரத்தடியில் நிறுத்தினார். அதன் பிறகு அது நகரவே இல்லை.

"சாமான் ஏத்துற பின்தட்டுல கோட்டிங் போடணும் தம்பி. போடாமப் போனா மொத ஆத்தத் தாண்டுறப்பவே துருப்பிடிச்சு ஓட்டையாயிடும் லா."

இதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்குக் காது புளித்துவிட்டது. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஆத்தங்கரையில சோறு சாப்பிடலாம்னாரு. இன்னும் பாசாருக்குக்கூட நான் பஸ்லதான் போறேன்" என்பார். பழிவாங்குவதற்காக ஈரத் துணியையெல்லாம் ஜீப்பின் மேல் காயப்போட்டார். மாடியிலிருந்து பார்த்தால், கைலிகள் காற்றில் புடைக்க, நிலத்தில் தரைதட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று புறப்படக் காத்திருப்பது போலிருக்கும்.

எந்தப் பூச்சு என்பது அடுத்த கேள்வி. நிறையப் படித்தவன் என்பதால் என்னை நடுவராக நியமித்தார். நான் படித்ததில் ஒரு வரிகூடப் பூச்சைப் பற்றியது அல்ல. மூன்று பிஸ்கட் டின் மூடிகளில் மூன்று வகையைப் பூசிக் காயவைத்து, ஒவ்வொன்றின் மேலும் மாடியிலிருந்து ஒரு முள்ளு டுரியான் பழத்தைப் போட்டார். முதல் மூடியில் லாரி அடிப்பாகத்துக்குப் பூசும் தார். அது வெயிலில் இளகி டுரியானைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் படகுத் தளத்துக்கான பெயிண்ட். முள் குத்திய தடம் அம்மைத் தழும்பாக நின்றது. மூன்றாவது, இரண்டு டின் பூச்சுகளைக் கலந்து ரப்பர்த் தூள் சேர்ப்பது. அதில் விழுந்த டுரியான் எம்பிக் குதித்து என் காலில் இறங்கியது.

"மூணாவது பாஸ்!" என்று மேலிருந்து கத்தினார் அண்ணன். என் காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பின்தட்டின் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்தார்.

"வழவழன்னு இருந்தா ஒட்டாது தம்பி. நல்லாக் கீறி விடணும்."

"இத்தன வருசமா நானும் கீறிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது மாடியிலிருந்து அக்காவின் குரல், "ஒண்ணும் ஒட்டலையே!"

டின்னில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்: பூசும்போதும் காயும்வரையிலும் மழை படக்கூடாது. ஆயர் ஈத்தாமில் இது நடக்கிற காரியமா? மதியம் ஆனால் மலையிலிருந்து மேகம் இறங்கிவிடும். அண்ணன் தினமும் மலையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், உருளைத் தூரிகையை உள்ளே வைப்பார். மாதங்கள் போயின. கடைசியில் அக்கா சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம பழைய இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள இது தானா நகரணும். இல்ல, அவரு லாரியில ஏறணும்."

அண்ணனின் அதிர்ஷ்டம், மழை நின்றது. மரங்களெல்லாம் வாடின. ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவைத்த பீங்கான்போல் இருந்தது. காலையில் ஒரு பூச்சு, மதியம் இன்னொன்று. கடைசி இழுப்பும் முடிந்தபோது பின்தட்டு யானையின் முதுகாகக் கறுத்திருந்தது.

அப்போதுதான் மலையிலிருந்து காற்று வந்தது.

அண்ணன் காத்திருந்த வறட்சிக்காகவேதான் அங்சானாவும் காத்திருந்திருக்கிறது. தண்ணீருக்குத் தவித்த மரம் ஒரே நாளில் பூத்து மறுநாளே உதிர்த்துவிடும். முந்தின நாளே எங்கள் தலைக்கு மேல் மஞ்சள் கூரை வேய்ந்திருந்தது. நாங்கள் இருவரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூக்கள் சத்தமே இல்லாமல் இறங்கின. அண்ணன் ஒரு குடையை விரித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார். குடை நிறையப் பூ. எட்டி ஒரு பூவை எடுத்தார். அந்த இடத்தில் அவருடைய விரல் பள்ளமாகப் பதிந்தது. அதோடு விட்டுவிட்டுத் தரையில், பூவின் மேலேயே உட்கார்ந்தார். ஊரே வாசமாக இருந்தது.

"மழ மட்டும் பெய்யல, பாத்தியா தம்பி" என்றார்.

மறுநாள் காலை இரும்புக்காரர் லாரியோடு வந்து நின்றார். அக்கா துணிக்கூடையோடு இறங்கினார். கறுப்பில் மஞ்சள் மஞ்சளாக உறைந்து கிடந்ததை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு மொழம் பூ வாங்கிட்டு வராத மனுசன்" என்றார் என்னிடம். பிறகு இரும்புக்காரரிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, மாடிக்குப் போய்ச் சோற்றுப் பானையோடு திரும்பினார். பின்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "கெளப்புங்க."

ஜீப் இருமிற்று, கிளம்பிற்று. பானைக்குக் காவலாக நானும் போனேன். அணைக்கட்டுக்குப் போகும் மலைப்பாதையில் தார் முடிந்து செம்மண் தடம் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் அண்ணன் நிறுத்தினார். உள்ளே எங்கோ ஓடை சலசலத்தது.

"உள்ள போகலையாண்ணே?"

"கல்லும் சேறும் தெறிக்கும் தம்பி." குரலைத் தாழ்த்தினார். "பூவெல்லாம் கீறிடும்."

அக்கா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் இடம் மாறின. ஓடைச் சத்தம் கேட்கிற தூரத்தில், பூத்தட்டாகிவிட்ட பின்தட்டில் இலை விரித்துச் சாப்பிட்டோம். காடு எதிரிலேயே இருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

இன்றும் அங்சானா பூக்கிற நாளில் என் காரை அந்த மரத்தடியில் தேடிப்போய்த்தான் நிறுத்துகிறேன். பெயிண்ட் கெட்டுவிடும் என்று வீட்டில் திட்டு விழுகிறது. கெடட்டுமே.