முட்டை டாக்டர்

மாலை ஐந்து ஐம்பது. பாபநாசம் பக்கத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. வாசலில் நான் முதலில் பார்த்தது, வெள்ளைக் கோட்டோடு கோழி துரத்திக்கொண்டிருந்த ஒரு மனிதரை. தஞ்சை ஜில்லாவில் கோழிகள் பயந்த ஒரே கண் வைத்தியர் அவர்தான். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முட்டை டாக்டர் என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார்.

மாலைக்கண் என்று வந்தவர்களுக்கு வைட்டமின் சொட்டு மருந்தோடு, தான் வளர்த்த கோழிகளின் முட்டையும் கொடுப்பார். கண் எரிச்சலென்று காரில் வந்த மிராசுதார் ஒருவர் தனக்கும் முட்டை கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்க பண்ணையாளுங்களுக்கு நீங்க வாங்கிக் குடுங்க."

மிராசுதார் கண்ணைக் காட்டாமலே திரும்பிப் போனார்.

அது அறுவடைக் கூலித் தகராறு நடந்த வருஷம். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. செய்தி சேகரிக்க நான் அங்கே தங்கியிருந்தேன். வேலைநிறுத்தத்தில் இருந்த அஞ்சலை, தன் நான்கு வயது மகள் செல்வியைத் தூக்கி வந்தாள். பொழுது சாய்ந்தால் பிள்ளை சுவரில் முட்டிக்கொள்கிறதாம்.

"வைட்டமின் தானா கண்ணுக்கு நடந்து போவாதும்மா. ரத்தத்துல அதைச் சுமந்துட்டுப் போக ஒரு புரோட்டீன் வேணும். கண்ணுக்குள்ள அதை வாங்கிக் கைமாத்திவிட வேற புரோட்டீனுங்க நிக்குது. வெறுங்கஞ்சி குடிச்சா சுமக்கிற ஆளு எங்கேருந்து வரும்?"

"சுமக்கிற ஆளுக்கு எங்க தெருவுல பஞ்சமில்லீங்கய்யா. சோத்துக்குத்தான் பஞ்சம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு செல்விக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கூடை முட்டையோடு வந்தார்.

"தினம் ஒண்ணு குடு. மறந்துடாத."

அடுத்த வாரம் அஞ்சலை மறுபடி தூக்கி வந்தபோது, செல்விக்குத் தட்டம்மை கண்டு, கருவிழிகள் வெளுத்திருந்தன.

"முட்டை குடுத்தியா?"

"இல்லீங்கய்யா, அடைக்கு வச்சிருக்கேன். தின்னா அன்னியோட போச்சு. கோழியா வளந்தா வருஷம் பூரா முட்டைதானே?"

எல்லோரையும் திட்டும் மனிதர். அன்று திட்டவில்லை.

"உன் கணக்கு சரிதாம்மா. கண்ணு அதுவரைக்கும் காத்திருக்காது."

இருவரையும் வார்டில் சேர்த்துவிட்டு, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் அவரே முட்டையைப் போட்டார்.

"டாக்டர், அதுல ஊசி அவிக்கணும்!" என்று நர்ஸ் அலறினார்.

"ஊசி காத்திருக்கும் சிஸ்டர்."

மசித்த முட்டையை விரலால் ஊட்டினார். "ஆ காட்டு தாயி" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களும் தங்களை அறியாமல் வாயைத் திறந்தார்கள்.

அதன் பிறகு அவர் யாருக்கும் பச்சை முட்டை கொடுத்ததில்லை. அவித்து, உரித்து, விழுங்கும்வரை எதிரே நிற்பார்.

செல்விக்கு வலது கண் மட்டும் பிழைத்தது.