சுந்தரராஜுலு வீட்டுப் பிரெஞ்சு விருந்தாளிகள்

"போன்ஜூர்" என்று சுந்தரராஜுலு நாலாவது தடவையாகச் சொன்னபோதும் சமையல்காரி பழனியாத்தாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "போன ஊருங்களா? எப்பப் போனதுங்கய்யா?" என்றுதான் கேட்டாள்.

"ஊரும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாறவங்களைப் பார்த்து அப்படிச் சொல்லோணும். வணக்கம்னு அர்த்தம்."

"வணக்கம்னே சொல்லிப்போடறனுங்களே."

"அது அவங்களுக்குப் புரியாது."

"இது எனக்குப் புரியலீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பைக் கடையப் போனாள்.

சுந்தரராஜுலு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இன்னும் அரைமணி நேரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

சூலூரைத் தாண்டி, பல்லடம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. அவருடைய அப்பா கட்டியது. சுந்தரராஜுலுவும் மனைவி ராமாமணியும் பீளமேட்டுக்குக் குடிபோனதிலிருந்து சும்மா கிடந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் ஆதர்ஷ், கோழித்தீவனம் விற்கும் ஒருவருக்கு குடோனாகக் கொடுத்துவிடலாம் என்று ஆறுமாதமாகச் சொல்லிவந்தான். அப்பா தூங்கிய அறையில் தீவன மூட்டை அடுக்குவதா என்று சுந்தரராஜுலுவுக்கு நெஞ்சு பதறியது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன் பார் என்று விட்டார். முதலில் வந்த கோஷ்டி குளியலறைக் குழாயைக் கழற்றிப்போட்டுவிட்டுப் போனது. இரண்டாவது கோஷ்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கிணற்றுக்குள் வீசிவிட்டுப் போனது.

அப்போதுதான் கொடுமுடியில் ஆற்றங்கரை வீடு வைத்திருக்கும் நண்பர் திருமலைசாமி ஒரு யோசனை சொன்னார். "பிரெஞ்சுக்காரங்களைப் புடிங்க. புடிச்சுப்போச்சுன்னா அவங்க ஊரு முழுக்கச் சொல்லி ஆளனுப்புவாங்க. ஆனா விளம்பரம் அவங்க பாசையில இருக்கோணும்."

அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் பழனியாத்தாளின் மகள் இனியா. கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மதிப்பெண் நிறைய வரும் என்று தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்திருந்தாள். "பரீட்சை முடிஞ்சதும் எழுதித் தாரனுங்கய்யா" என்றாள். சுந்தரராஜுலுவுக்குப் பொறுக்கவில்லை. கைபேசியை எடுத்து, வீட்டின் பெருமைகளையும், கேட்டுக்குள் வந்தால் சத்தம் போடக் கூடாது என்பது முதல் தங்குகிறவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் அரைமணி நேரம் தமிழில் பேசினார். அது எல்லாவற்றையும் பிரெஞ்சாக்கிக் கொடுத்தது. அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். பத்தாம் நாள் லியோன் நகரத்திலிருந்து மிஷேல், ஒதீல் என்று ஒரு தம்பதி நான்கு நாளைக்குப் பதிவு செய்தார்கள்.

"அவங்க போறப்ப நல்லதா நாலு வரி எழுதிவெச்சுட்டுப் போகட்டும். அப்புறம் இந்த ஊட்டைப் பத்தி ஆதர்ஷ் வாயெடுத்தா நான் பேசிக்கறேன்" என்றாள் ராமாமணி. "இல்லைன்னா குடோன்தானுங்க. பொறவு மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்கக் கூடாது."

கார் வந்து நின்றது. அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரரும் அவருடைய மனைவியும் இறங்கினார்கள். சுந்தரராஜுலு மாலை போட்டு, "போன்ஜூர்" என்று தோப்பே கேட்கும்படி சொன்னார்.

இருவரும் திடுக்கிட்டார்கள். அக்கம்பக்கம் பார்த்தார்கள். பிறகு கைகூப்பித் தலையைக் குனிந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை.

பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். மத்தியானமும் பேசவில்லை. சாயங்காலமும் பேசவில்லை. பொறுக்கமாட்டாமல் கார் ஓட்டிவந்த அக்பர் அலியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்பர், இவங்க ஊமைங்களா?"

"ஊமையா? ஏர்போர்ட்டுல இருந்து தொணதொணன்னு பேசிட்டேதானுங்கண்ணா வந்தாங்க. நம்ம கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் கப்சிப்னு ஆயிட்டாங்க."

சுந்தரராஜுலு விருந்தாளிகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் குறை இங்கேதான் இருக்கிறது.

மறுநாள் காலை கைபேசியில் பேசி, "உங்களுக்கு என்ன குறை?" என்பதைப் பிரெஞ்சில் முழங்கவைத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒதீல் அம்மாள் பதறிப்போய் விரலை உதட்டின்மேல் வைத்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"சாப்பாடு வாய்க்குப் புடிக்கலைங்கறாங்க" என்று சமையலறைக்குள் ஓடினார்.

"அரிசியும் பருப்புஞ்சோறு மூணு தடவை வாங்கித் தின்னாங்களே" என்றாள் பழனியாத்தாள்.

"அது மரியாதைக்கு. அக்பர், வண்டியை எடுங்க. கோயமுத்தூர் போய் ரொட்டி, வெண்ணெய், ஜாம், என்னென்ன கிடைக்குதோ எல்லாம் வாங்கியாங்க."

ரொட்டி வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு பழனியாத்தாள் தனக்கென்று வைத்திருந்த பச்சைப்பயிறு கடைசலை ஆசையாகப் பார்த்தார்கள். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. ரொட்டியைக் கொஞ்சம் கடித்துவிட்டு எழுந்து போனார்கள். "இதையும் பாதியில வெச்சுட்டாங்க" என்று சுந்தரராஜுலு தலையில் கைவைத்தார். என்ன ஆச்சு என்று கைஜாடையில் கேட்டதற்கு இந்தத் தடவை மிஷேல் உதட்டில் விரல் வைத்தார்.

"ராமாமணி, இது பல்வலி."

"ரெண்டு பேருக்குமா?"

"ஒரே ரொட்டியைத்தானே கடிச்சாங்க."

அவருடைய தங்கை மகள் நவ்யா பல் டாக்டர். கையோடு கூட்டிவந்துவிட்டார். டார்ச் அடித்து ஒருவர் மாற்றி ஒருவராக வாயைத் திறக்கச் சொன்னாள். அவர்களும் குழந்தைபோலத் திறந்து காட்டினார்கள். ஒரு முனகல்கூட இல்லை. நவ்யா கையுறையைக் கழற்றினாள்.

"மாமா, பல்லு அத்தனையும் முத்து மாதிரி இருக்குது. எனக்கே இப்படி இல்லை. எதுக்கு என்னைக் கூட்டியாந்தீங்க?"

"பின்னே ஏம்மா பேசமாட்டேங்கறாங்க?"

"உங்ககூடப் பேசறதுக்கு இடைவெளி கிடைக்கலையோ என்னமோ" என்றாள் நவ்யா.

ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுந்தரராஜுலுவுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை செய்தும் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லையே. மனதில் ஏதோ வருத்தம் இருக்கிறது, கலகலப்பாக ஏதாவது செய்தால் தெளிந்துவிடுவார்கள் என்று முடிவு கட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம், வள்ளி முருகன் கல்யாணக் கதையைப் பாடிக் கும்மியடிக்கும் வள்ளிகும்மிக் குழு வந்து இறங்கியது. ஒரே நிறப் புடவையில் நாற்பது பெண்கள், நாலு ஒலிபெருக்கி. வாசலில் முதல் பாட்டுத் தொடங்கியதும் தென்னை மரத்திலிருந்த காக்கை எல்லாம் சூலூர் பக்கமாகப் பறந்துபோயின.

மிஷேலும் ஒதீலும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். முகம் சிவந்து கண் விரிந்திருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் இருவரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை விரித்து அசைத்தார்கள்.

"போதும், போதும், நிறுத்துங்கங்கறாங்க" என்று சுந்தரராஜுலு ஆட்டத்துக்கு நடுவில் ஓடினார். "அம்மணி, எல்லாத்தையும் நிறுத்திருங்க."

குழுத் தலைவிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏனுங்க, இன்னும் முருகனே வரலீங்க. பாதியில நிறுத்தச் சொன்னா வள்ளிக்குக் கல்யாணம் ஆக வேண்டாமுங்களா?"

"வள்ளிக்கு எப்படியும் ஆயிருமுங்க. என் ஊடுதான் போயிரும்."

நாற்பது பெண்களும் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினார்கள். விருந்தாளிகள் இருவரும் ஏமாந்த முகத்தோடு வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுந்தரராஜுலு அவர்கள் முன்னாலேயே, "என்னதான் வேணும் உங்களுக்கு? நானும் மனுசன்தானுங்களே" என்று சுத்தத் தமிழில் கத்தியேவிட்டார். அவர்கள் கைகூப்பினார்கள்.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது மேசைமேலிருந்த நோட்டை எடுத்து ஒதீல் அம்மாள் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மிஷேல் கையெழுத்துப் போட்டார். பழனியாத்தாளைக் கட்டிக்கொண்டார்கள். சுந்தரராஜுலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கார் போய்விட்டது.

கைபேசியை நோட்டின்மேல் பிடித்துப் பார்த்தார். அந்தக் கோழிக்கிறுக்கல் அதற்குப் பிடிபடவில்லை. பரீட்சை முடித்து அந்த நேரத்துக்குத்தான் பையோடு வந்து இறங்கினாள் இனியா.

"வா கண்ணு, முதல்ல இதைப் படி" என்று அவள் கையில் திணித்தார். ராமாமணியும் வந்து நின்றாள். அவர் உட்காரக்கூட இல்லை.

இனியா மனதுக்குள் ஒருமுறை படித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஊடு ரொம்ப அழகா இருக்குதாமுங்க. அம்மா சமையலை மறக்கவே முடியாதாமுங்க. கையைத் தூக்கி ஆட்டிப் பாராட்டினதும் அந்த ஆட்டம் பாதியில நின்னுபோனதுதான் வருத்தமாமுங்க. தை மாசம் இன்னும் ஆறு பேரோட வாராங்களாமுங்க."

சுந்தரராஜுலு நாற்காலியில் சாய்ந்தார். நான்கு நாளில் முதல்முறையாக மூச்சு நிதானமாக வந்தது. "கேட்டுக்கிட்டயா? ஆதர்ஷுக்குப் போனைப் போடு" என்றார் மனைவியிடம்.

"இன்னும் ஒரு வரி இருக்குதுங்கய்யா" என்றாள் இனியா.

"அதையும் சத்தமாப் படி கண்ணு, உங்க அம்மா கேட்கட்டும்."

இனியா அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தே படித்தாள். "'கேட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு உங்க விளம்பரத்துல இருந்த கட்டுப்பாட்டுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், நாலு நாளும் நாங்க அதை மீறலை, அடுத்த தடவை ஊட்டுக்காரரும் கடைப்பிடிச்சா நல்லா இருக்கும்'னு எழுதியிருக்குதுங்க."